ஆர்டர் பேப்பரின் மூணாவது பக்கம்



போன ஆயுதபூஜை சமயத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரகடம் பக்கத்தில் உள்ள நம்ம குழு ஒன்றுக்கு, ஒரு கம்பெனியிலிருந்து 600 காடா துணிப்பை ஆர்டர் வந்தது. ராத்திரி பகலாக உட்கார்ந்து தைத்தார்கள். தையலில் ஒரு பிசிறு கிடையாது. பை அழுக்காகிவிடக் கூடாதே என்று 25, 25 ஆக அடுக்கி, பாலிதீன் கவரில் போட்டுக் கட்டி, லோடு ஆட்டோவில் கொண்டு போனார்கள். கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். "கவரோட உள்ளே விட முடியாதும்மா. பி.ஓ.ல போட்டிருக்கே, பாக்கலையா?" என்று கேட்டார் ஸ்டோர்ஸ்காரர்.

பி.ஓ. என்றால் பர்ச்சேஸ் ஆர்டர். கம்பெனி நமக்குத் தரும் கொள்முதல் உத்தரவு. அதன் மூணாவது பக்கத்தில், பொடி எழுத்தில், இங்கிலீஷில் அந்த நிபந்தனை இருந்தது. ரோட்டோரத்தில் வெயிலில் உட்கார்ந்து 24 கட்டையும் பிரித்து, பழைய புடவையில் மூட்டை கட்டி மறுபடி போனார்கள். ஆட்டோ வாடகை ரெண்டு மடங்கு ஆச்சு, அரைநாள் கூலியும் போச்சு. அந்த ஆர்டரை வாங்கிக் கொடுத்தவள் நான். முதல் பக்கத்தில் விலையையும் தேதியையும் மட்டும் பார்த்துவிட்டு, "கையெழுத்து போடுங்கக்கா" என்று சொன்னதும் நான்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

துணிப்பை எதில் சுற்றி வருகிறது என்று கம்பெனிக்கு என்ன கவலை? இது இன்று நேற்று வந்த கவலை இல்லை. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா செல்போன் தொழிற்சாலை ஓட ஆரம்பித்தது. (அது 2014-ல் மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்த பெண்கள் நம் குழுக்களிலும் இருக்கிறார்கள்.) அதே 2006 ஜூலை 1 முதல், ஈயம், பாதரசம், காட்மியம் போன்றவை அளவுக்கு மேல் உள்ள எலக்ட்ரானிக் சாமான்களை ஐரோப்பிய யூனியன் நாடுகளில் விற்கக் கூடாது என்று சட்டம் அமலுக்கு வந்தது. போன் விற்கிற கம்பெனி மட்டும் ஒழுங்காக இருந்தால் போதாது. உள்ளே போகிற ஒவ்வொரு துண்டும் ஒழுங்காக இருக்க வேண்டும். அப்படியானால் பாகம் தருபவரிடம் எழுதி வாங்க வேண்டும், அவர் தனக்குச் சரக்கு தருபவரிடம் எழுதி வாங்க வேண்டும். மதகில் திறந்த தண்ணீர் கடைமடை வரைக்கும் வருகிற மாதிரி, மேலே போடும் நிபந்தனை ஆர்டர் பேப்பர் வழியாகக் கீழே வருகிறது. நாம் கடைமடையில் இருக்கிறோம், அவ்வளவுதான்.

இப்போது நம் நாட்டிலேயும் கணக்கு கேட்கிறார்கள். பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி, 2022-23 முதல் பெரிய 1000 கம்பெனிகள் வருஷா வருஷம் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றி அறிக்கை தர வேண்டும் என்று கட்டாயமாக்கியது. வாங்கிய மூலப்பொருளில் எவ்வளவு சுற்றுச்சூழலைக் கெடுக்காத முறையில் வாங்கியது என்று அதில் ஒரு கேள்வி. சிறு உற்பத்தியாளர்களிடம் எவ்வளவு வாங்கினீர்கள் என்று இன்னொரு கேள்வி. இந்த ரெண்டாவது கேள்வியை மறந்துவிடாதீர்கள். நாம் கம்பெனியிடம் உதவி கேட்டுப் போகவில்லை. நம்மிடம் வாங்குவது அவர்கள் அறிக்கைக்கும் நல்லது.

சரி, அந்தப் பொடி எழுத்தில் என்னென்ன வரும்? பேக்கிங் பற்றி வரும். சாயம் பற்றி வரும். புற்றுநோய் அபாயம் உள்ள சில அசோ சாயங்களுக்கு நம் நாட்டில் 1997-லேயே தடை வந்துவிட்டது. கலர் துணி வாங்கும்போது கடைக்காரரிடம் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கழிவை எங்கே கொட்டுகிறீர்கள் என்றும் கேட்பார்கள். இதைத் தொல்லை என்று நினைக்க வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரி நீர் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போகிறது. சாயத் தண்ணியை வாய்க்காலில் விட்டால் அது நம்ம ஊரோடு நிற்காது.

ஆனால் நிபந்தனைக்கு ஆகும் செலவு முழுக்க நம் தலையில் விழக் கூடாது. இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். ஒரு பேச்சுக்கு: 25 பை கட்ட பாலிதீன் கவர் 5 ரூபாய், மூட்டைத் துணி 40 ரூபாய் என்று வையுங்கள். கட்டுக்கு 35 ரூபாய் கூடுதல். 24 கட்டுக்கு 840 ரூபாய். ஒரு பைக்கு 1 ரூபாய் 40 காசு. பைக்கு நாலு ரூபாய் லாபம் நிற்கிற இடத்தில் இது சின்னக் காசா? விலை சொல்லும் முன்பே மூணு பக்கத்தையும் படித்திருந்தால் இதைச் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். கையெழுத்து போட்ட பிறகு கேட்டால் யாரும் தர மாட்டார்கள். அதனால் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் காலேஜ் படிக்கும் பிள்ளையைக் கூட்டத்தில் உட்கார வைத்து ஒவ்வொரு வரியாகப் படிக்க வைத்து, தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

பணம் எத்தனை நாளில் வரும் என்றும் அதே பேப்பரில் பாருங்கள். 90 நாள் என்று போட்டிருந்தால் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. 2006-ம் வருஷத்து சிறு, குறு தொழில் சட்டப்படி, சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து அதிகபட்சம் 45 நாள்தான். தாண்டினால் வட்டி உண்டு. இந்தப் பாதுகாப்பு வேண்டுமானால் 'உத்யம்' பதிவு செய்திருக்க வேண்டும். சுய உதவிக் குழுவாகவே பதியலாம், கட்டணம் கிடையாது. காசு கேட்கும் புரோக்கரிடம் போகாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கம்பெனி நமக்கு நிபந்தனை போடுகிறது, நாம் வாங்கும்போது யாருக்காவது போடுகிறோமா? நம்ம கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் டீ கொடுத்தது எதில் தெரியுமா? உள்ளே பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 பொருட்களில் அதுவும் ஒன்று. 'நான் ஓவன்' பையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. தொட்டால் துணி மாதிரி இருக்கும், ஆனால் பிளாஸ்டிக். சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் ஒரு நூல் அளவு வெட்டி நெருப்பு காட்டுங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும், இது உருகிச் சுருளும். துணி என்று நம்பி இதை ரோல் ரோலாக வாங்கித் தைத்த குழுக்கள் உண்டு. இப்போது கூட்டமைப்பில் தீர்மானம் போட்டிருக்கிறோம்: சாப்பாடு வாழை இலை அல்லது பாக்கு மட்டையில், டீ எவர்சில்வர் டம்ளரில். கேட்டரிங்காரரிடம் முன்பணம் தரும்போதே எழுதி வாங்குவோம். டம்ளர் கழுவ ஆள் வேண்டும், அதற்குக் கூலியும் சேர்த்துத்தான் பேசியிருக்கிறோம்.

பொங்கலுக்கு அதே கம்பெனி 400 பை கேட்டது. இந்த முறை பேச்சு நடத்தியது நான் இல்லை, குழுவின் ஊக்குநர். பேக்கிங்குக்காகப் பைக்கு ஒன்றே முக்கால் ரூபாய் கூடுதல் கேட்டார். ஒரு ரூபாய்தான் ஏற்றினார்கள். "அப்போ மூட்டைத் துணியைத் திருப்பித் தந்துடணும், அதையும் பேப்பர்ல எழுதுங்க சார்" என்றார். எழுதிக் கொடுத்தார்கள். 16 மூட்டை போனது, 14 துணி திரும்பி வந்திருக்கிறது. மீதி ரெண்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.