புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம்... ஆனாலும் ஏன் கஷ்டம்? சி.ஏ ஃபைனல் 6-வது பேப்பரை ஜெயிக்க ஒரு ஆம்பூர் ரூட்!

பாகாயத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து ஆர்ட்டிகிள்ஷிப் போகிறவரா நீங்கள்? அப்படியென்றால் சி.ஏ ஃபைனலின் 6-வது பேப்பருக்கான பாடம் உங்களைச் சுற்றியே இருக்கிறது. ஆம்பூர் ஷூ கம்பெனி, ராணிப்பேட்டை டேனரி, பேரணாம்பட்டு ஜாப் ஒர்க் யூனிட்... எல்லாமே கேஸ் ஸ்டடிதான்!

புதிய பாடத்திட்டத்தில் 2024 மே முதல் நடக்கும் இந்தப் பேப்பரின் பெயர், 'இன்டக்ரேட்டட் பிசினஸ் சொல்யூஷன்ஸ்'. 4 மணி நேரம், 100 மார்க், ஓப்பன் புக். 5 கேஸ் ஸ்டடி வரும், 4 எழுதினால் போதும். ஒவ்வொன்றுக்கும் 25 மார்க். அதில் 10 மார்க் எம்.சி.க்யூ, 15 மார்க் விரிவான பதில்.

'புக்தான் இருக்கே, பார்த்துக்கலாம்'னு விட்டவர்கள்தான் இங்கே மாட்டுகிறார்கள்.

ஒரு மார்க்கின் விலை

ஒரு பேப்பரில் குறைந்தது 40, குரூப் மொத்தத்தில் 50 சதவிகிதம் வேண்டும். நேரடி வரியில் 58, ஜி.எஸ்.டி-யில் 59, இதில் 39 என்று வையுங்கள். கூட்டினால் 156. தேவையான 150-ஐத் தாண்டியாச்சு. ஆனாலும் ஃபெயில்! 60 எடுக்காததால் எந்தப் பேப்பருக்கும் விலக்கும் கிடைக்காது. அந்த ஒரு மார்க்குக்காக மூன்றையும் திரும்ப எழுத வேண்டும். வேலை, சம்பளம், வீட்டில் பார்த்திருக்கும் கணக்கு... எல்லாம் தள்ளிப்போகும்.

இன்னொரு பொறி, இது இரண்டாவது குரூப் பேப்பராக இருந்தாலும் முதல் குரூப் பாடங்களும் இதில் வரும். ஃபைனான்ஷியல் ரிப்போர்ட்டிங், ஆடிட், ஏ.எஃப்.எம், இன்டரில் படித்த ஸ்ட்ராட்டஜிக் மேனேஜ்மென்ட் எல்லாமே உண்டு. குரூப் 2 மட்டும் எழுதுகிறவர்கள் இதைக் கவனிங்க ப்ளீஸ்.

ஒரே ஷூ, ஐந்து சப்ஜெக்ட்

நாமே ஒரு கற்பனை கேஸ் போட்டுப் பார்ப்போமா? ஆம்பூரில் ஒரு ஷூ ஏற்றுமதி கம்பெனி.

* ஜெர்மனி பையர் யூரோவில் பணம் தருகிறார். கரன்சி ரிஸ்க்கைச் சமாளிப்பது ஏ.எஃப்.எம்.
* ஏற்றுமதி 'ஜீரோ ரேட்டட்' சப்ளை. ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய தோல் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும். இது ஜி.எஸ்.டி.
* கழிவுநீரால் பாதித்த நிலத்தைச் சரிசெய்யும் பொறுப்பு இருக்கிறது. ஒதுக்கீடு காட்டணுமா என்பது இந்த் ஏ.எஸ் 37.
* சுற்றுச்சூழல் சட்டத்தை மீறியதை ஆடிட்டர் எப்படிக் கையாள்வார் என்பது எஸ்.ஏ 250.
* விற்பனையில் பெரும்பகுதி ஒரே பையருக்கு. அவர் விலையைக் குறைக்கச் சொன்னால் பேரம் பேச முடியுமா? இது ஸ்ட்ராட்டஜி.

கழிவுநீர் விஷயம் கற்பனையும் இல்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 'மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும்' என்ற கொள்கையை 1996-லேயே உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. உங்கள் ஊர் வழக்கு சார் அது!

பதில் எழுதும் ஃபார்முலா

விவரம், விதி, முடிவு. இந்த வரிசையை விடாதீர்கள். உதாரணமாக, உத்யம் பதிவுள்ள ஒரு குறு யூனிட் ஜனவரி 10-ல் ஜாப் ஒர்க்கை முடித்துத் தந்தது. கம்பெனியும் அன்றே ஏற்றுக்கொண்டது. பில் 5 லட்சம். ஒப்பந்தத்தில் 60 நாள் அவகாசம். பணம் கொடுத்தது ஏப்ரல் 5.

விதி: ஒப்பந்தத்தில் என்ன இருந்தாலும் உச்ச வரம்பு 45 நாள். அதாவது பிப்ரவரி 24. முடிவு: 1961 சட்டத்தின் 43பி(ஹெச்) பிரிவுப்படி இந்த ஆண்டு அந்த 5 லட்சத்தைச் செலவாகக் கழிக்க முடியாது. பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிவு. அவ்வளவுதான். புத்தகத்திலிருந்து அரைப்பக்கம் காப்பி அடிப்பதைவிட, கேஸில் உள்ள தேதியையும் தொகையையும் தொட்டு எழுதும் நாலு வரிக்குத்தான் மார்க்.

240 நிமிடம்... எப்படிப் பிரிப்பது?

எந்த நாலு கேஸ் என்று முடிவெடுக்க 10 நிமிடம். ஒவ்வொரு கேஸுக்கும் 55: வாசிக்க 15, எம்.சி.க்யூ 10, எழுத 30. கடைசி 10 நிமிடம் சரிபார்க்க. வாசிக்கும்முன் கேள்விகளைப் பாருங்கள். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால் வேகம் தானாக வரும். எம்.சி.க்யூ-வில் நெகட்டிவ் மார்க் கிடையாது, எதையும் காலியாக விடாதீங்க.

எதைக் கொண்டுபோவது?

போனில் உள்ள பி.டி.எஃப் ஹாலுக்குள் வராது. பிரின்ட்டும் கைக்குறிப்பும்தான். அதிலும் 10 புத்தகம் தூக்கிப்போனால் தேடியே நேரம் போய்விடும். சப்ஜெக்ட்டுக்கு ஒரு பக்க இன்டெக்ஸ் நீங்களே எழுதி, புத்தகங்களில் கலர் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வருவதால், உங்கள் அட்டெம்ப்ட்டுக்கு எந்தச் சட்டம் என்பதை ஐ.சி.ஏ.ஐ அறிவிப்பில் பார்த்துவிட்டுப் புத்தகம் வாங்குங்கள்.

பழைய கேள்வித்தாள், மாடல் டெஸ்ட், பதில்கள் எல்லாம் ஐ.சி.ஏ.ஐ தளத்தில் இலவசம். இந்த ஞாயிறு மதியம் 2 முதல் 6 வரை போனை அணைத்துவிட்டு ஒரு பேப்பரை முழுசா எழுதிப் பாருங்க. எந்த இடத்தில் நேரம் கரைகிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

ஆல் தி பெஸ்ட், வருங்கால ஆடிட்டரே!