பறவை இறகு மீட்டும் தந்தி



சிரம்பானை அடுத்த ரஹாங் பகுதியில் ஒரு வீட்டிற்கு ஒரு மாலை வேளையில் போயிருந்தேன். அந்த வீட்டுப் பெரியவர் இளமையில் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கோயில் திருவிழாக்களில் உறுமி வாசித்தவர். அவருடைய பேரன், தொடக்கப் பள்ளி மாணவன், இசைப் பாடத்திற்காக வாங்கிய ரெக்கார்டர் குழலை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தான். 'கீச்' என்று ஒலி வந்ததும் பெரியவர், "அதை உள்ளே வைடா. வெள்ளைக்காரன் ஊதுகுழல் நமக்கு எதுக்கு? போய்ப் பாடத்தைப் படி" என்றார். "இதுவும் பாடந்தான் தாத்தா" என்று முணுமுணுத்தபடி பையன் குழலைப் பைக்குள் போட்டுவிட்டான்.

அந்தக் குழலைப் பற்றியும், அதன் கூடப் பிறந்த கருவிகளைப் பற்றியும் பெரியவரிடம் சொன்னேன். அதையே இன்று உங்களிடமும் சொல்ல விரும்புகிறேன்.

ஐரோப்பாவில் ஏறத்தாழ 1600 முதல் 1750 வரை வழங்கிய இசையைப் பரோக் இசை என்பார்கள். நமக்கு அண்டையிலுள்ள மலாக்கா, போர்த்துக்கீசியர் கையிலிருந்து டச்சுக்காரர் கைக்கு மாறிய 1641-ஆம் ஆண்டும் இக்காலத்துக்குள் அடங்கும். இத்தாலியில் விவால்டி, ஜெர்மனியில் பாக், ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் புகழ்பெற்ற ஹாண்டல் ஆகியோர் அக்காலத்தின் பெரும் புலவர்கள். பாக், ஹாண்டல் இருவரும் 1685-ஆம் ஆண்டிலேயே பிறந்தவர்கள்.

இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என நம் முன்னோர் வகுத்தனர். பரோக் இசைக் கருவிகளையும் இந்த வகைகளில் அடக்கிப் பார்க்கலாம். தோற்கருவியில், அரைக்கோள வடிவச் செம்புக் கலத்தின் மேல் தோல் போர்த்திய பேரிகை உண்டு. துளைக்கருவிகளில் ஓபோ என்று ஒன்று உண்டு. இரண்டு நாணல் இதழ்கள் ஒன்றோடொன்று அதிர்ந்து ஒலி தரும் கருவி அது. நம் நாகஸ்வரத்தின் சீவாளியும் அதே முறையில்தான் வேலை செய்கிறது. நரம்புக்கருவிகளில் வயலினும் அதன் உறவுக் கருவிகளும் ஆட்டுக் குடலை முறுக்கிச் செய்த நரம்புகளோடு ஒலித்தன.

இந்தக் கருவிகளுக்கெல்லாம் நடுவே வீற்றிருந்தது ஹார்ப்சிகார்டு. பார்ப்பதற்குப் பியானோ போல இருக்கும். ஆனால் ஒலி வேறு. ஆர்மோனியத்தில் இருப்பது போன்ற கட்டைகள் இதிலும் வரிசையாக உண்டு. ஒரு கட்டையை அழுத்தினால் அதன் மறுமுனை மேலே எழும்பும். அந்த முனையில் மெல்லிய மரச்சட்டம் ஒன்று செங்குத்தாக நிற்கிறது. சட்டத்தின் பக்கவாட்டில் பறவை இறகின் தண்டிலிருந்து சீவிய சிறு முள் நீட்டிக்கொண்டிருக்கும். சட்டம் எழும்போது அந்த முள் உலோகத் தந்தியைச் சுண்டிவிடும். விரலை எடுத்தால் சட்டம் கீழே இறங்கும். அதிலுள்ள சிறு துணித்துண்டு தந்தியின் மேல் பட்டு ஒலியை அடக்கும். வீணையில் விரல் செய்யும் வேலையை இங்கே ஓர் இறகு முள் செய்கிறது. 'கலகல'வென்று தெளிந்து ஒலிக்கும் நாதம் இப்படித்தான் பிறக்கிறது.

இதில் ஒரு குறையும் உண்டு. ஆர்மோனியத்தில் துருத்தியை அழுத்தினால் ஒலி ஏறும். ஹார்ப்சிகார்டிலோ கட்டையை ஓங்கித் தட்டினாலும் மெல்லத் தொட்டாலும் ஒலியின் அளவு பெரிதாக மாறுவதில்லை. இக்குறையைப் போக்க, இத்தாலியரான கிறிஸ்டோபோரி 1700-ஆம் ஆண்டை ஒட்டி, தந்தியைச் சுண்டாமல் சிறு சுத்தியலால் தட்டும் கருவியைச் செய்தார். அதுவே பியானோவின் தொடக்கம்.

ஆயினும் பரோக் காலத்தில் ஹார்ப்சிகார்டு இல்லாத இசைக்குழுவைக் காண்பது அரிது. அதை வாசிப்பவருக்கு அடிச்சுரங்களை மட்டும் எழுதி, அவற்றுடன் சில எண்களையும் குறித்துக் கொடுப்பார்கள். எந்தச் சுரங்களைச் சேர்த்து வாசிப்பது என்பதை அந்த எண்கள் காட்டும். எப்படி அழகுபடுத்துவது என்பது வாசிப்பவரின் கற்பனை. நம் வித்துவான்கள் மேடையில் கற்பனைச் சுரம் பாடுவதை எண்ணிப் பாருங்கள். ஏட்டில் இல்லாததை அவ்விடத்திலேயே படைக்கும் திறமை அங்கேயும் போற்றப்பட்டது.

இந்தக் கருவி இந்தியாவுக்கும் வந்தது. கல்கத்தாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் வீடுகளில் அது ஒலித்தது. 1789-ஆம் ஆண்டில் வில்லியம் ஹாமில்டன் பர்டு என்பவர், அங்கே பாடப்பட்ட இந்தியப் பாடல்களின் மெட்டுகளை ஹார்ப்சிகார்டில் வாசிக்கும்படி அமைத்து நூலாக வெளியிட்டார். ஆனால் நம் நாட்டு இசைக்கு உயிரானது கமகம். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கியும் அசைந்தும் செல்லுதல். கட்டைக்கு ஒரு சுரம் என்று நிலைத்துவிட்ட கருவியில் அது வராது. ஹார்ப்சிகார்டு விருந்தாளியாக வந்தது, விருந்தாளியாகவே போய்விட்டது.

அதே காலத்தையொட்டித் தெற்கே வேறொரு கதை நடந்தது. முத்துசாமி தீட்சிதரின் இளைய சகோதரர் பாலுசாமி தீட்சிதர், 1786-இல் பிறந்தவர். அவர் சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். வயலினில் மெட்டுகள் இல்லை. விரல் விரும்பிய இடத்துக்கு வழுக்கிச் செல்லலாம். ஆகவே கமகம் வந்தது. வெள்ளைக்காரர் நின்றபடி தோளில் வைத்து வாசித்த கருவியை, நம்மவர் தரையில் அமர்ந்து பாதத்தில் ஊன்றி வாசித்தார்கள். இன்று வயலின் இல்லாத கர்நாடக இசைக் கச்சேரியை நினைத்துப் பார்க்க முடிகிறதா? முத்துசாமி தீட்சிதரும் ஐரோப்பிய மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் பாடல்கள் இயற்றினார். அவற்றை இன்றும் குழந்தைகளுக்குக் கற்பிக்கிறார்கள்.

ஆர்மோனியத்தையும் மறக்கக் கூடாது. கமகம் வராத கருவி என்று கூறி 1940-இல் அகில இந்திய வானொலி அதை விலக்கி வைத்தது. 1971-இல்தான் அத்தடை தளர்ந்தது. இத்தனைக்கும் நம் தோட்டத்துப் பஜனை மடங்களிலும் நாடகக் கொட்டகைகளிலும் அது விடாமல் ஒலித்தது. "ஒரு கட்டை, இரண்டு கட்டை" என்று சுருதியைச் சொல்கிறோமே, அந்தக் கட்டையும் ஆர்மோனியக் கட்டைதான். ஒரு கருவி எங்கே பிறந்தது என்பது பெரிதன்று. எவர் கை அதைப் பழகிக்கொண்டது என்பதே பெரிது.

இனி அந்தச் சிறுவனின் குழலுக்கு வருவோம். ரெக்கார்டரும் பரோக் காலக் கருவியே. அன்று மரத்தால் செய்தார்கள். முன்புறம் ஏழு துளைகள்; பின்புறம் கட்டை விரலுக்கு ஒன்று. 1721-இல் பாக் ஒரு பிரபுவுக்குக் காணிக்கையாக்கிய ஆறு இசைப் படைப்புகளில், நான்காவதில் இரண்டு ரெக்கார்டர்கள் இணைந்து ஒலிக்கின்றன. ஐந்தாவதில் ஹார்ப்சிகார்டு தனித்து நின்று முழங்குகிறது. பின்னர் காலம் மாறியது. பியானோ வந்ததும் ஹார்ப்சிகார்டும், வேறு குழல்கள் வந்ததும் ரெக்கார்டரும் மூலையில் வைக்கப்பட்டன. 20-ஆம் நூற்றாண்டில் வாண்டா லாண்டோவ்ஸ்கா என்னும் போலந்து நாட்டுப் பெண்மணி ஹார்ப்சிகார்டை மீண்டும் மேடையேற்றினார். ரெக்கார்டரின் கதை இன்னும் சுவையானது. 1919-இல் இங்கிலாந்தில் ஆர்னால்டு டோல்மெட்ச் என்பவருடைய பழைய ரெக்கார்டர் இருந்த பையை, அவருடைய சின்ன மகன் ரயில் நிலையத்தில் மறந்து விட்டுவிட்டான். அது போய்விட்டதே என்று டோல்மெட்ச் தாமே புதிதாக ஒன்றைச் செய்தார். அதிலிருந்து இந்தக் குழல் மறுபிறவி எடுத்தது. பின்னாளில் பிளாஸ்டிக்கில் மலிவாகச் செய்யப்பட்டுப் பள்ளிக்கூடங்களுக்கு வந்தது. ஒரு சிறுவன் தொலைத்த பையிலிருந்து எத்தனையோ சிறுவர்களின் பைக்குள் வந்து சேர்ந்தது!

பெற்றோர்களே, வீட்டில் 'கீச்' என்ற ஒலி கேட்டால் குழலைப் பிடுங்காதீர்கள். துளை சரியாக மூடப்படவில்லை, அல்லது மூச்சு அதிகம் என்பதே அதன் பொருள். விரல் நுனியின் சதைப் பகுதியால் துளையை முழுதும் மூடச் சொல்லுங்கள். சூடான தேநீரை ஆற்றுவது போல மெல்ல ஊதச் சொல்லுங்கள். நாள்தோறும் பத்து நிமிடம் போதும்.

எல்லாவற்றையும் கேட்ட பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "உறுமி பழகும்போது எங்க அப்பாவும் என்னை இப்படித்தான் விரட்டினார் ஐயா" என்றார். பேரனைக் கூப்பிட்டு, "எங்கே, அதை எடுத்துக்கிட்டு வா. மெதுவா ஊது" என்றார்.