மூன்று ஊசி அக்காள்! ஐந்து ஊசி தங்கை!

பத்ரிநாத் யாத்திரை போகிறவர்கள் வழி நெடுக ஊசியிலை மரங்களைக் காண்பார்கள். "எல்லாம் பைன் மரந்தானே!" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்கள். ஆனால் அங்கே அக்காள் தங்கை போல இரண்டு பைன் மரங்கள் உண்டு. ஒன்றின் பெயர் சீர். (கலியாணச் சீர் வேறு, இது வேறு!) மற்றொன்றின் பெயர் கைல்.

மலையில் சுமார் 6,000 அடி உயரம் வரை பெரும்பாலும் சீர்தான். அதற்கு மேலே, குளிர் மிகுந்த இடங்களில் கைல். இரண்டும் கலந்து நிற்கும் இடங்களும் உண்டு. அங்கே எப்படி அடையாளம் காண்பது?

எண்ணிப் பாருங்கள்

ஒரு கொத்து இலையைக் கிள்ளுங்கள். மூன்று ஊசிகள் இருந்தால் சீர். ஐந்து இருந்தால் கைல். அவ்வளவுதான்! கைலின் காய் வாழைப்பழம் போல் நீண்டு தொங்கும். சீரின் காய் குட்டை. கட்டை போல் கெட்டி.

நெருப்புக்கு அஞ்சாத மரம்

கோடையில் சீர் மரத்தின் ஊசிகள் உதிர்ந்து, தரையில் மெத்தை போல் கிடக்கும். அவற்றில் பிசின் உண்டு. அணைக்காத பீடித் துண்டு ஒன்று போதும், காடு பற்றிக்கொள்ளும். சீருக்குப் பட்டை தடிப்பு. வளர்ந்த மரம் பெரும்பாலும் பிழைத்துவிடும். கைலுக்குப் பட்டை மெல்லியது. பாவம், அது தாங்காது. தீ அணைந்த வெற்று நிலத்தில் மறுபடி முளைப்பதும் சீர் விதைதான்.

மலை ஜனங்களுக்குச் சீர் மீது மனத்தாங்கல் உண்டு. காரணம் இருக்கிறது. அதன் ஊசியை மாடு தின்னாது. மாட்டுக்கு வேண்டியது ஓக் மரத்துத் தழை. வெள்ளைக்காரர் ஆட்சியிலோ, டர்பன்டைன் எண்ணெய் தரும் பிசினுக்காகவும், ரயில் தண்டவாளக் கட்டைகளுக்காகவும் சீர் காடுகளுக்குக் கடுங்காவல் போட்டார்கள். புல் வளர்வதற்காகக் கிராமத்தார் தீ வைப்பதும் குற்றமாயிற்று. 1921-ல் குமாவோன் மக்கள் கொதித்தெழுந்து சீர் காடுகளைக் கொளுத்தினார்கள். ஓக் காடுகளை அநேகமாகத் தொடவில்லை!

2016-ல் உத்தராகண்டில் பரவிய காட்டுத் தீயை அணைக்க விமானப் படை ஹெலிகாப்டர்களே தண்ணீர் சுமந்து வந்தன. இப்போது அங்கே பெண்கள் உதிர்ந்த ஊசிகளைக் கோடையில் வாரிக் கட்டி, கிலோக் கணக்கில் விற்கிறார்கள். அவற்றை அழுத்தி எரிகட்டையாக்குகிறார்கள். காட்டை எரித்த ஊசி அடுப்பில் எரிகிறது.