வாழைத்தோப்பிலிருந்து மின்தூக்கிக்கு

சிங்கப்பூரில் பேய்க்கதை என்றால் ரசல் லீ. அது புனைபெயர். முகத்தை வாசகருக்குக் காட்டியதில்லை. கறுப்பு உடை, முகமூடி, கையுறையுடன்தான் புத்தக நிகழ்ச்சிகளுக்கு வருவார். 1989-இல் அவருடைய 'ட்ரூ சிங்கப்பூர் கோஸ்ட் ஸ்டோரீஸ்' முதல் தொகுப்பு வந்தது. இன்று தொகுப்புகள் 25-ஐத் தாண்டிவிட்டன. விற்பனை பத்து லட்சத்துக்கும் மேல். இந்தச் சின்ன ஊருக்கு அது பெரிய கணக்கு.

அவர் எழுதத் தொடங்கியபோது எங்கள் புக்கிட் பாஞ்சாங்கில் கம்பத்து வீடுகள் கலைந்து அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருந்தன. 'பத்தாம் கல்' என்றுதான் பழைய ஆட்கள் இடத்தைச் சொல்வார்கள். அன்றைய பேய்க்கு முகவரி இருந்தது: வாழைத்தோப்பு, ரப்பர்க்காடு, வெளிக் கழிப்பறைக்குப் போகும் இருட்டுப் பாதை. பொந்தியானாக் என்ற பெண்பேய் வாழைமரத்தில் இருப்பாள் என்பதில் மலாய்க்காரர், சீனர், தமிழர் மூவரும் ஒற்றுமை. அவளை 1957-இல் திரைக்குக் கொண்டுவந்த இயக்குநர் பி.என். ராவ் இந்தியாவிலிருந்து வந்தவர் என்பது நம் ஆட்கள் பலருக்குத் தெரியாது.

தோப்பு போனது. 2011 ஜூன் 30-ஆம் தேதி இரவோடு இந்தப் பக்கம் ஓடிய மலாயா ரயிலும் நின்றது. தண்டவாளம் கிடந்த தடத்தில் இப்போது மாலை நடைக்காரர்கள். பேய் மட்டும் வீடு மாறிக்கொண்டது. வாசகர்கள் ரசல் லீக்கு அனுப்பிய அனுபவங்களில் மின்தூக்கி, அடுக்குமாடிப் படிக்கட்டு, தேசியச் சேவை முகாம் என்று எல்லாம் வந்தன. தெக்கோங் தீவில் மூன்று கதவு வைத்த படைவீரர் அறையின் கதை சேவைக்குப் போன எந்தப் பையனுக்கும் தெரியும். ரசல் லீயின் உண்மையான சாதனை இதுதான் என்பேன்: வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டிலும் பேய் குடியிருக்கலாம் என்று நம்பவைத்தது. இலக்கியத் தரம் பற்றிக் கேட்டால், நடை சுமார்தான்.

1999-இலிருந்து எங்கள் பேட்டையில் ஓட்டுநர் இல்லாத எல்ஆர்டி ரயில் ஓடுகிறது. வீடுகளை நெருங்கும்போது அதன் சன்னல் கண்ணாடி தானாகவே வெளுத்துப்போகும். குடியிருப்பவர் அந்தரங்கம் காக்கத்தான். கம்பத்துப் பாட்டி இதைப் பார்த்திருந்தால் திருநீறு பூசாமல் ஏறியிருக்க மாட்டார். நாம் கைப்பேசியிலிருந்து தலைகூட நிமிர்த்துவதில்லை.

ரசல் லீயின் தொகுப்புகள் ஆங்கிலம். முனி, மோகினி, புளியமரம் என்று தமிழர் வீடுகளில் சொன்ன பத்தாம் கல் கதைகள் இன்னும் சில முதியவர்களின் வாயில்தான் இருக்கின்றன. உங்கள் புளோக்கில் அப்படி ஒருவர் இருந்தால், இந்த வாரமே போய் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள்.