பயிற்சியாளரைத் தேடும் கல்லூரி

அமெரிக்க நாட்டில் ஒரு கல்லூரியின் தடகளக் குழுவிற்குத் தலைமைப் பயிற்சியாளர் பதவி காலியாகிவிட்டால், அதை நிரப்புவது சிறு காரியமன்று. விளையாட்டுத் துறை இயக்குநர் விளம்பரம் செய்கிறார்; தேர்வுக் குழு அமைகிறது; விண்ணப்பங்கள் வந்து குவிகின்றன. அவற்றுள் மூவரோ நால்வரோ நேரில் அழைக்கப்பட்டு, பேராசிரியரோடும் மாணவரோடும் உரையாடிச் செல்கின்றனர். ஓடவும் தாண்டவும் கற்றுக்கொடுக்கும் ஒருவரை அமர்த்த இத்தனை ஆரவாரம் வேண்டுமா என்று வாசகர் வியக்கலாம். வேண்டும் என்பதே நம் எண்ணம். ஆனால் அந்த ஆரவாரத்தினூடே கேட்கவேண்டிய கேள்வி பெரும்பாலும் கேட்கப்படாமலே போய்விடுகிறது என்பதும் நம் எண்ணம்.

பயிற்சியாளர் என்றதும் கழுத்தில் ஊதலும் கையில் நிறுத்துக் கடிகாரமுமாக நிற்கும் மனிதரே நம் மனக்கண்முன் தோன்றுகிறார். தடகளமோ ஒரே விளையாட்டன்று. 100 மீட்டர் ஓடுபவனும், 10,000 மீட்டர் ஓடுபவளும், குண்டு எறிபவனும், கோலூன்றித் தாண்டுபவளும் ஒரே சட்டை அணிந்து ஒரே குழுவில் நிற்கின்றனர். இவை அனைத்தையும் ஒருவரே கரைகண்டிருப்பது அரிது. ஆகவே தலைமைப் பயிற்சியாளரின் முதல் வேலை, தமக்குத் தெரியாததைத் தெரிந்த துணைவர்களைத் தேடிச் சேர்ப்பதாகும். இலையுதிர் காலத்தில் நாட்டுப்புற ஓட்டம், குளிர்காலத்தில் கூரையின்கீழ்ப் போட்டிகள், இளவேனிலில் திறந்த வெளிப் போட்டிகள் என்று கல்வியாண்டு முழுதும் ஓய்வில்லை. இதற்கிடையே உயர்நிலைப் பள்ளி மாணவரின் இல்லங்களுக்குச் சென்று, பெற்றோர்முன் அமர்ந்து, “உங்கள் பிள்ளையை என்னிடம் அனுப்புங்கள்” என்று கேட்பதும் அவர் பணியே. தாயும் தந்தையும் நம்பி அனுப்புவது கல்லூரியை மட்டுமன்று. தம் வீட்டு நாற்காலியில் அமர்ந்திருந்த அந்த மனிதரையுமே.

பணம் பங்கிடும் அதிகாரமும் அவர் கையில்தான் உள்ளது. 2024-25ஆம் கல்வியாண்டுவரை, தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் முதற்பிரிவுக் கல்லூரி ஒன்று, நாட்டுப்புற ஓட்டத்தையும் சேர்த்து, ஆடவர் தடகளத்திற்கு 12.6 முழு உதவித்தொகைகளும் பெண்களுக்கு 18-உம் வழங்கலாம் என்பது விதி. அது என்ன, 12.6 மாணவரா? அல்ல. பன்னிரண்டரைப் படிக்குச் சற்று மிகுந்த அரிசியை நாற்பது வாய்களுக்குப் பங்கிடும் கணக்கு அது. ஒருவனுக்குப் பாதி, மற்றொருவனுக்குக் கால், வேறொருவனுக்கு வெறுங்கை. நீதிமன்றத்தில் ஏற்பட்ட ஓர் உடன்பாட்டின் விளைவாக 2025-26 முதல் இம்முறை மாறியது. அவ்வுடன்பாட்டை ஏற்ற கல்லூரிகளில் உதவித்தொகைக்கு உச்சவரம்பு இல்லை. ஆனால் ஆடவர் குழுவிலும் பெண்கள் குழுவிலும் 45 பேருக்கு மேல் இருத்தலாகாது. முன்னர் ‘யாருக்கு எவ்வளவு’ என்றிருந்த கேள்வி, ‘யாருக்கு இடம்’ என்று மாறிற்று. உதவித்தொகை ஏதுமின்றிச் சொந்தச் செலவில் வந்து சேர்ந்து, மூன்றாம் ஆண்டில் மெல்ல மலர்கின்ற மாணவன் இருக்கிறானே, இடம் குறையும்போது முதலில் வெளியேறுபவன் அவன்தான். அவனை நிறுத்துவதும் அனுப்புவதும் தலைமைப் பயிற்சியாளரின் மனத்தைப் பொறுத்தது.

இந்தப் பதவிக்கு எத்தகையவர் ஏற்றவர் என்பதற்கு நம் வாசகருக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பிலடெல்பியா நகரை அடுத்துள்ள வில்லனோவா பல்கலைக்கழகம், புனித அகுஸ்தினார் சபைத் துறவியரால் 1842-இல் நிறுவப்பட்டு, புனித வில்லனோவா தோமையாரின் பெயரைத் தாங்கி நிற்பது. அதன் தடகளக் குழுவை 1949 முதல் 1981-இல் தாம் இறக்கும்வரை நடத்தியவர் ஜேம்ஸ் எலியட் என்பார். ‘ஜம்போ’ என்றே உலகம் அவரை அழைத்தது. பெயரைக் கேட்டு யானையை நினைத்துவிட வேண்டாம். அதே குடும்பப் பெயருடன் விளங்கிய ஒரு பேஸ்பால் ஆட்டக்காரரின் பட்டப்பெயர் இவருக்கும் ஒட்டிக்கொண்டது, அவ்வளவே. அதே கல்லூரியில் பயின்று 1935-இல் பட்டம் பெற்றவர்; மாணவப் பருவத்தில் கால் மைல் ஓட்டத்தில் சிறந்து விளங்கியவர்.

வியப்பு என்னவெனில், அவர் முழுநேரப் பயிற்சியாளரே அல்லர். கட்டுமானப் பணிக்குரிய கனரக இயந்திரங்களை விற்பது அவர் பிழைப்பு. பகலில் வணிகம், மாலையில் மைதானம். அவருடைய மாணவர் குளிர்காலத்தில் திறந்த வெளியில் போடப்பட்ட மரப்பலகைப் பாதையில் ஓடிப் பழகினர். அத்தகைய வசதிகளோடுதான் 1957-இல் திறந்த வெளித் தடகளத்தில் தேசியக் கல்லூரிப் பட்டம் கிடைத்தது. நாட்டுப்புற ஓட்டத்தில் 1966, 1967, 1968, 1970 ஆகிய ஆண்டுகளிலும், கூரையின்கீழ்ப் போட்டிகளில் 1968, 1971, 1979 ஆகிய ஆண்டுகளிலும் பட்டங்கள் வந்தன.

பட்டங்களைவிட நம்மை ஈர்ப்பது அவர் ஆள்களைப் பார்த்த பார்வை. அயர்லாந்து இளைஞர் ரோன் டெலானி, இராணுவப் பயிற்சி மாணவராக இருந்து விலகி, வீடு வீடாகத் தூசி உறிஞ்சும் இயந்திரம் விற்றுக்கொண்டிருந்தவர். 1954-இல் வில்லனோவாவிற்கு வந்தபோது அவர் 800 மீட்டர் ஓட்டக்காரர். அவரை ஒரு மைல் ஓட்டத்திற்குத் திருப்பியவர் எலியட். 1956 ஜூன் 1 அன்று டெலானி ஒரு மைலை 3 நிமிடம் 59 விநாடியில் ஓடி, நான்கு நிமிட எல்லையைக் கடந்த ஏழாமவரானார். அவ்வாண்டு டிசம்பர் 1 அன்று மெல்போர்ன் ஒலிம்பிக்கில் 1,500 மீட்டர் ஓட்டம். கடைசிச் சுற்றில் பின்வரிசையிலிருந்து பாய்ந்து வந்து, 3 நிமிடம் 41.2 விநாடியில் தங்கம் வென்றார். வென்றவுடன் தரையில் மண்டியிட்டார். மூன்றாவதாக வந்த ஆஸ்திரேலிய வீரர் ஜான் லாண்டி, தம் தோழருக்கு ஏதோ நோவு என்றஞ்சி உதவ விரைந்தார், டெலானியோ செபித்துக்கொண்டிருந்தார்! அதே ஒலிம்பிக்கில் எலியட்டின் மற்றொரு மாணவர், கறுப்பினத்தவரான சார்லி ஜென்கின்ஸ், 400 மீட்டரிலும் தொடர் ஓட்டத்திலும் தங்கம் பெற்றார். 1960-இல் ரோமையில் கோலூன்றித் தாண்டி வென்ற டான் பிராக்கும் அவர் பட்டறையிலிருந்து வந்தவரே. டப்ளின் நகரத்து இளைஞர், நியூயார்க்கை அடுத்த பகுதிகளின் கறுப்பின இளைஞர், கோல் ஊன்றும் முரடர் எல்லோரும் ஒரே மேசையில் உணவருந்தினர்.

“கடிகாரத்தைப் போல வாழுங்கள்” என்பது எலியட் தம் மாணவர்க்குச் சொல்லி வந்த வாக்கு. உண்பதும் உறங்குவதும் படிப்பதும் ஓடுவதும் நேரப்படி நடக்கட்டும் என்பதே அதன் பொருள். குருமடத்து மணியோசைக்குப் பழகிய நமக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. டெலானி படிப்பை முடித்துப் பட்டம் பெற்று, பின்னாளில் விமான நிறுவனத்திலும் கப்பல் நிறுவனத்திலும் பொறுப்பான பதவி வகித்தார். ஓட்டம் சில ஆண்டுகளில் முடிந்துவிடும். பிழைப்போ நாற்பது ஆண்டுகள் தொடரும். தாமே இயந்திரம் விற்றுப் பிழைத்த பயிற்சியாளருக்கு இது புரிந்திருந்ததில் வியப்பில்லை.

இனி ஒன்று கேட்போம். அந்த எலியட் இன்று விண்ணப்பித்தால் தேர்வு பெறுவாரா? முதற்கட்டத்திலேயே தள்ளுபடியாவார் என்று அஞ்சுகிறோம். முழுநேரமாக வர இயலாதவர். தலைமைப் பயிற்சியாளராக முன்னனுபவம் இல்லாதவர். விண்ணப்பப் படிவத்தின் கட்டங்களுள் அவர் அடங்கமாட்டார். வில்லனோவா அவரை அறிந்தே எடுத்தது. நான்காண்டுகள் அங்கே மாணவராக இருந்தவரல்லவா? அவருக்குப் பின்னும் அக்கல்லூரி தன் பிள்ளைகளையே நாடியது. 1981-இல் சார்லி ஜென்கின்ஸ் பொறுப்பேற்றார். 1998-இல் வந்த மார்க்கஸ் ஓ’சல்லிவன் அங்கே பயின்ற அயர்லாந்துக்காரர். 1,500 மீட்டரில் மும்முறை உலகக் கூரையின்கீழ் வாகையர்.

மேற்குக் கரையிலுள்ள ஓரிகன் பல்கலைக்கழகத்திலும் இதே வழக்கம் நிலவிற்று. 1904 முதல் 1947 வரை பில் ஹேவர்டு; அவரிடம் ஓடிப் பழகிய பில் பவர்மன் 1972 வரை; பவர்மனிடம் ஓடிய பில் டெல்லிஞ்சர் 1998 வரை. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டை இம்மூவரின் பெயர்களே தாங்கி நின்றன. (மூவருக்கும் ‘பில்’ என்றே பெயர் அமைந்தது தேர்வுக் குழுவின் நிபந்தனையன்று!) வீட்டுப் பிள்ளையையே எப்போதும் எடுக்கவேண்டும் என்று நாம் வாதிடவில்லை. உள்ளூர்ப் பாசம் கண்ணை மறைப்பதும் உண்டு. புதியவர் கொணரும் புதுக்காற்றும் தேவையே. ஆனால் வீட்டுப் பிள்ளையைப்பற்றி ஒரு கல்லூரி இயல்பாகவே அறிந்திருப்பதை, வெளியாரைப்பற்றி முயன்று அறிய வேண்டியிருக்கிறது. பதக்கப் பட்டியல் அதைச் சொல்லாது.

பதக்கப் பட்டியல் எவ்வளவு குறைவாகச் சொல்லும் என்பதை அதே ஓரிகன் பின்னர் கண்டது. 2016-17ஆம் ஆண்டில் அதன் பெண்கள் குழு நாட்டுப்புற ஓட்டம், கூரையின்கீழ், திறந்த வெளி ஆகிய மூன்றிலும் தேசியப் பட்டம் பெற்றது; பெண்கள் குழு ஒன்று அவ்வாறு மூன்றையும் ஒரே ஆண்டில் வென்றது அதுவே முதன்முறை. 2021 அக்டோபரில், அக்குழுவில் ஓடிய ஆறு பெண்கள் ‘தி ஓரிகோனியன்’ நாளிதழிடம் வேறொரு கதை சொன்னார்கள். உடற்கொழுப்பின் விழுக்காடு கருவியால் அளக்கப்பட்டு, அந்த எண்ணுக்கு மிகையான முதன்மை தரப்பட்டதாகவும், அதனால் உணவையே அஞ்சும் நோய்க்குத் தாங்கள் ஆளாகும் நிலை ஏற்பட்டதாகவும் அவர்கள் கூறினர். 2022-இல் தலைமைப் பயிற்சியாளரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. பெண் மக்களை விளையாட்டிற்கு அனுப்பும் பெற்றோர் இதை மறக்கலாகாது. வெற்றிக் கோப்பை அலமாரியில் இருந்தது உண்மை; அதே கட்டடத்தில் பத்தொன்பது, இருபது வயதுப் பெண்கள் பட்டினி கிடக்கத் தூண்டப்பட்டதாகச் சொன்னதும் உண்மை.

ஆகவே தேர்வுக் குழுவினர் தம் கேள்விகளை மாற்றிக்கொள்ள வேண்டுமென்று விழைகிறோம். எத்தனை பட்டம், எத்தனை ஒலிம்பிக் வீரர் என்பவை ஏட்டிலேயே இருக்கின்றன. அவற்றைக் கேட்டு நேரத்தை வீணாக்குவானேன்? முந்தைய கல்லூரியில் அவரிடம் பயின்றவருள், வென்றவரை விட்டுவிட்டு, குழுவை விட்டு நடுவில் விலகிய மூவரைத் தேடிப் பேசட்டும். உணவு, எடை, காயம் இவற்றை மருத்துவரிடம் விடுகிறாரா, தாமே தீர்ப்பளிக்கிறாரா என்று துணைப் பயிற்சியாளரிடம் விசாரிக்கட்டும். இறுதியில் அவரை எதிரே அமர்த்தி, இரண்டாம் ஆண்டில் கால் நரம்பு அறுந்து, பின்னர் ஒருபோதும் ஓடாத மாணவர் எவரேனும் உம்மிடம் இருந்தனரா, அவர் பட்டம் பெற்றாரா, இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்கட்டும். பெயரைச் சொல்ல அவருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் நிறுத்துக் கடிகாரத்தில் பார்த்துக்கொள்ளலாம்.