கல்லில் உரித்த நார்

ஈயாத கஞ்சனிடம் காசு கறப்பவரை ‘கல்லில் நார் உரிப்பவர்’ என்று கிண்டல் செய்வோம். நிஜமாகவே நார் உரிக்கக்கூடிய கல் ஒன்று இருக்கிறது. தமிழில் அதன் பெயரே கல்நார்தான். நம் ஊரில் பல வீடுகளின் கூரையில் இருக்கும் ஆஸ்பெஸ்டாஸ்!

ஷீட்டாக மட்டுமே பார்த்துப் பழகியதால், அது நூல்கண்டாக இருந்த கதை நமக்கு அவ்வளவாகத் தெரியாது. பாறையின் வெடிப்புகளில் பட்டு இழை போலக் கற்றை கற்றையாக இருக்கும் இந்தத் தாது. தட்டிப் பிரித்து, கொஞ்சம் பஞ்சு கலந்து முறுக்கினால் நூல் தயார். ரோமானியர்கள் இதில் துணியே நெய்தார்கள். அழுக்கான கைத்துண்டைத் துவைக்க வேண்டாம், நெருப்பில் போட்டு எடுத்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்று எழுதிவைத்திருக்கிறார் பிளினி. பெஞ்சமின் பிராங்க்ளின் 1725-ல், 19 வயதில், கல்நாரில் செய்த ஒரு பணப்பையை லண்டனில் விற்றார். அந்தப் பை இன்றும் அங்குள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதுவரை வேடிக்கைப் பொருள்தான். நீராவி இயந்திரங்கள் வந்ததும் வெப்பம் தாங்கும் கயிறு, துணி, கையுறை எல்லாம் தேவைப்பட்டன. நூற்பாலைகளில் கல்நார் இழையை ராட்டினத்தில் ஏற்றியவர்களில் நிறையப் பேர் பெண்கள்.

இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்து நெல்லி கெர்ஷா அவர்களில் ஒருவர். 12 வயதில் பள்ளியை விட்டுப் பருத்தி ஆலைக்குப் போனவர், சில மாதங்களிலேயே கல்நார் ஆலைக்கு மாறினார். 1917-ல் டர்னர் பிரதர்ஸ் ஆலையில் சேர்ந்தார். மூச்சுத்திணறல் முற்றி, 1922-ல் வேலைக்கே போக முடியாத நிலை. கல்நாரால் வந்த பாதிப்பு என்று மருத்துவர் சான்று கொடுத்தார். ‘வேலையால் வந்த நோய், முதலாளியிடம் கேளுங்கள்’ என்றது காப்பீடு. ‘அப்படியொரு நோயே சட்டத்தின் பட்டியலில் இல்லை’ என்றது நிர்வாகம். இரண்டு பக்கமும் கைவிரிக்க, 1924 மார்ச்சில், 33 வயதில் இறந்துபோனார். அடக்கச் செலவுக்குக்கூட ஆலை உதவவில்லை.

அவரது நுரையீரலை ஆராய்ந்த டாக்டர் குக், அதில் கல்நார்த் துகள்களைக் கண்டு அதே ஆண்டு மருத்துவ இதழில் எழுதினார். 1931-ல் ஆலைகளில் தூசியைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. இதில் மனதை உறுத்துவது என்னவென்றால், லூசி டீன் என்ற பெண் ஆய்வாளர் 1898-லேயே இந்தத் தூசி கண்ணாடிச் சில்லு போலக் கூர்மையானது என்று அரசு அறிக்கையில் எச்சரித்திருந்தார். அப்போது நெல்லி சின்னஞ்சிறுமி.

இன்றும் தாதுக்களிலிருந்து நூல் வருகிறது. எரிமலைப் பாறையான பசால்ட்டைச் சுமார் 1,400 டிகிரிக்கு மேல் உருக்கி இழையாக இழுக்கிறார்கள். மெல்லிய எவர்சில்வர் கம்பியோடு பட்டோ கம்பளியோ சேர்த்த ஜப்பானிய நூல், பின்னல் பிரியர்களிடையே பிரபலம். அதில் பின்னிய ஸ்கார்ஃபைக் கசக்கிவிட்டால் கசக்கிய வடிவத்திலேயே நிற்கும்!

‘இதுவும் கல் நூல்தானே, ஆபத்தில்லையா?’ என்று கேட்கத் தோன்றும். கல்நார் நீளவாக்கில் பிரிந்து பிரிந்து, கண்ணுக்கே தெரியாத ஊசியாகி நுரையீரலின் அடிவரை போய்விடும். கண்ணாடி இழையும் பசால்ட் இழையும் அதைவிடத் தடிமன்; ஒடிந்தாலும் குறுக்காகத்தான் ஒடியும். தோலில் பட்டால் அரிக்கும், வெட்டும்போது முகக்கவசம் அவசியம். ஆனால் கல்நாரோடு ஒப்பிட முடியாது.

பிரிட்டன் 1999-ல் கல்நாரை முழுவதுமாகத் தடை செய்தது. இந்தியாவில் வெள்ளைக் கல்நார் இன்னும் இறக்குமதியாகி கூரை ஷீட்டாகிறது. சிமென்டோடு இறுகியிருக்கும்வரை இழை எளிதில் வெளியே வராது. உடைத்தாலோ, ரம்பம் போட்டாலோ, துளையிட்டாலோ தூசி பறக்கும். பழைய ஷீட்டைக் கழற்றும்போது நன்றாகத் தண்ணீர் தெளித்து, உடைக்காமல் முழுசாக இறக்கச் சொல்லுங்கள். விழுந்த தூளை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்க வேண்டாம். ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, துணியோடு கட்டிப் போட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.