வீடு வேண்டாம் என்றால் முன்பணம் யாருக்கு?

புது தில்லி: தில்லியை அடுத்த குர்காவ்னில் 2014-ல் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றைப் பதிவு செய்தவர்கள், 2017-ல் கட்டடம் தயாராகி, குடியேறுவதற்கான சான்றிதழும் கிடைத்து, சாவியை வாங்கிக்கொள்ளுமாறு கட்டுமான நிறுவனம் அழைத்தபோது வீடு வேண்டாம் என்று விலகினர். இடைப்பட்ட ஆண்டுகளில் அப்பகுதியில் வீட்டு விலை கடுமையாகச் சரிந்திருந்ததே காரணம். அதுவரை ரூ.51 லட்சத்துக்கும் அதிகமாகச் செலுத்தியிருந்த அவர்கள், முழுத் தொகையையும் திருப்பிக் கேட்டனர். ஒப்பந்தமோ அடிப்படை விலையில் 20 சதவீதத்தை உறுதித்தொகை என்று வரையறுத்து, விலகினால் அது பறிபோகும் என்றது.

கோத்ரெஜ் ப்ராஜெக்ட்ஸ் நிறுவனம் தொடர்புடைய இந்த வழக்கில், 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இரு தரப்புக்கும் பாடம். தவறு செய்தால் நிறுவனத்துக்கு அற்பமான பொறுப்பையும், வாங்குபவர் தவறினால் பெரும் இழப்பையும் சுமத்தும் ஒருதலைப்பட்சமான ஒப்பந்தப் பிரிவை ஏற்க முடியாது என்று கூறி, 10 சதவீதத்தை (சுமார் ரூ.17 லட்சம்) மட்டும் பிடித்தம் செய்யலாம் என்ற தேசிய நுகர்வோர் ஆணையத்தின் முடிவை நீதிபதிகள் உறுதி செய்தனர். ஆனால் எஞ்சிய ரூ.34 லட்சத்துக்கு ஆணையம் வழங்கியிருந்த 6 சதவீத வட்டியை ரத்து செய்துவிட்டனர். சந்தை விலை சரிந்ததால் தாமாகவே விலகியவர்களுக்கு வட்டி எதற்கு என்பதே அதன் சாரம்.

வீடு தாமதமாவதால் விலகுபவர், தன் விருப்பத்தால் விலகுபவர் என்ற இந்த வேறுபாட்டில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. பலர் இதைக் கவனிப்பதில்லை.

2013-ல் மாநிலங்களவையில் அறிமுகமாகி, தேர்வுக் குழுவின் பரிசீலனைக்குச் சென்று, 2016 மார்ச்சில் இரு அவைகளிலும் நிறைவேறிய ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 18-வது பிரிவு, குறித்த காலத்தில் வீட்டை ஒப்படைக்கத் தவறும் நிறுவனம், வாங்குபவர் விலக விரும்பினால் முழுத் தொகையையும் வட்டியுடன் திருப்பித் தர வேண்டும் என்கிறது. இது நிபந்தனையற்ற உரிமை என்றும், நீதிமன்றத் தடை, எதிர்பாராத நிகழ்வு போன்ற காரணங்களைக் காட்டி மறுக்க முடியாது என்றும் 2021 நவம்பரில் நியூடெக் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

நிறுவனத்தின் மீது தவறு ஏதுமின்றி விலகுவோரின் நிலை வேறு. மத்திய அரசு வகுத்த மாதிரி விற்பனை ஒப்பந்தத்தின்படி, பதிவுத் தொகையை நிறுவனம் எடுத்துக்கொண்டு, மீதியை 45 நாள்களுக்குள் திருப்பித் தர வேண்டும். ஹரியாணாவின் ஒழுங்குமுறை ஆணையம் 2018-ல் வெளியிட்ட விதிமுறையில், பிடித்தம் மொத்த விலையில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று உச்சவரம்பு விதித்தது. விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் முன் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் பெறக்கூடாது என்று சட்டத்தின் 13-வது பிரிவும் தடுக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே காசோலைகளை வரிசையாகக் கொடுத்துவிடுபவர்கள் இந்தப் பாதுகாப்பைத் தாமே கைவிடுகின்றனர்.

ஒப்பந்தங்கள் எவ்வளவு கோணலாக எழுதப்பட்டிருந்தன என்பதற்கு, 2019 ஏப்ரலில் தீர்ப்பான பயோனியர் அர்பன் வழக்கு சான்று. அதுவும் குர்காவ்ன் குடியிருப்புதான். தவணை தவறும் வாங்குபவருக்கு 18 சதவீத வட்டி. ஒப்படைக்கத் தவறும் நிறுவனத்துக்கு 9 சதவீதம். சலுகைக் காலம் முடிந்து மேலும் 12 மாதங்கள் காத்திருந்த பிறகே வாங்குபவர் ஒப்பந்தத்தை முறிக்கலாம். புள்ளியிட்ட இடத்தில் கையெழுத்திடுவதைத் தவிர வாங்குபவருக்கு வேறு வழியில்லை எனும்போது அத்தகைய ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்று கூறிய நீதிமன்றம், அதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்றது. காலம் கடந்து நிறுவனம் தர முன்வந்த வீட்டை ஏற்குமாறு அவரைக் கட்டாயப்படுத்தவும் மறுத்தது.

அதற்காகத் தாமதம் என்ற ஒரே காரணம் எப்போதும் கைகொடுக்கும் என்று எண்ணிவிட முடியாது. 2021 ஜனவரியில் ஐரியோ கிரேஸ் வழக்கில், குடியேறும் சான்றிதழ் கிடைத்துவிட்ட வீடுகளை, தாமதத்துக்கான இழப்பீட்டுடன் வாங்குபவர்கள் ஏற்க வேண்டும் என்றும், சான்றிதழே கிடைக்காத வீடுகளுக்கு மட்டும் பணத்தை வட்டியுடன் திருப்பித் தர வேண்டும் என்றும் அதே நீதிமன்றம் பிரித்துத் தீர்ப்பளித்தது. விலகும் கடிதத்தின் தேதிக்கும் சான்றிதழின் தேதிக்கும் இடையிலான சில மாதங்களே பல லட்சங்களைத் தீர்மானித்துவிடலாம்.

வங்கிக் கடன் வாங்கியவர்களுக்கு இதில் இன்னொரு சுமை. ஒப்பந்தம் முறிந்தாலும் கடன் முறிவதில்லை. கட்டுமான நிறுவனமே சில காலம் தவணை கட்டும் என்ற கவர்ச்சித் திட்டங்களில் சிக்கிய தேசியத் தலைநகர்ப் பகுதி மக்கள், வீடும் இன்றி வங்கிகளின் நெருக்கடிக்கும் ஆளாயினர். வங்கிகளுக்கும் நிறுவனங்களுக்கும் இடையிலான கூட்டு பற்றி விசாரிக்க 2025 ஏப்ரலில் சிபிஐக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது இதன் தொடர்ச்சியே.

உத்தரவு பெற்ற பிறகும் பணம் கைக்கு வருவது தனிப் போராட்டம். நிலவரி நிலுவையைப் போல வசூலிக்கலாம் என்று சட்டத்தின் 40-வது பிரிவு சொன்னாலும், அதில் வட்டி, அபராதம், இழப்பீடு ஆகியவை மட்டுமே குறிப்பிடப்பட்டுள்ளன. அசல் தொகை இல்லை என்று நிறுவனங்கள் வாதிட்டன. அசலும் அவ்வாறே வசூலிக்கத்தக்கது என்று நியூடெக் தீர்ப்பு அந்த ஓட்டையை அடைத்தது. ஆனால் வசூல் சான்றிதழ் செல்வது மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு. நிறுவனத்தின் சொத்தைத் தேடிப் பிடித்து ஜப்தி செய்ய வேண்டியவர்கள் அங்குள்ள வருவாய்த் துறை அதிகாரிகள்.